பூவாயி ஆசைப்பட்ட பலாச்சுளை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் சிவகாமு. என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, வளைகாப்பு முடிந்த மறுநாள், தட்டில் இருந்த ரசஞ்சோற்றைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேன். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன், கண்ணுகளா.

மேகம் வந்து உட்கார்ந்து இளைப்பாறிப் போகிற மலைக்காடு ஒன்று. அங்கே ஓர் உயர்ந்த மரத்துப் பொந்தில் பூவாயி என்ற இருவாச்சிப் பறவை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. பெண்பறவை பொந்துக்குள் போனதும் வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அது காய்ந்து கல்லாகிவிடும். வெளியிலிருந்து யாராலும் உடைக்க முடியாது; உள்ளே இருப்பவள் அலகால் தட்டினால்தான் பெயரும். அலகை நீட்டும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும்போது அவளுக்குப் பறக்கும் இறகெல்லாம் உதிர்ந்துபோகும். குஞ்சு பொரிந்து தேறும்வரை ஆண்பறவைதான் பழம் தேடிக் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும்.

பூவாயியின் கணவன் கொம்பையன் தங்கமானவன். ஆனால் அவன் கண்ணுக்கு அத்திமரத்தைத் தவிர வேறு மரம் தெரியாது.

"ஏங்க, இன்னைக்கும் அத்திப்பழமா?"

"நேத்து ஓடைக்கரை அத்தி. இன்னைக்கு மேட்டு அத்தி. ருசியே வேற! தின்னு பாரு புள்ள."

பூவாயி சிரித்துக்கொண்டே வாங்கித் தின்பாள். அவன் பறந்து போனதும், என்றைக்காவது தான் சாப்பிட ஆசைப்படுகிறவற்றை முட்டையிடம் சொல்ல ஆரம்பிப்பாள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டே சொல்வாள்.

"கண்ணு, நீ பொறந்து நான் வெளியே வந்ததும் முதல்ல மலைக்கோயிலுக்குப் போவேன். சாமி கும்பிட்டுட்டு, படியில சிந்திக் கிடக்குமே பஞ்சாமிர்தம், அதுல ஒரு வாய். அப்புறம் பங்களாத் தோட்டத்துச் சப்போட்டா. தொட்டாலே கரையுமாம்! கடைசியா..."

இங்கே வந்ததும் அவள் குரல் குழைந்துவிடும்.

"கடைசியா, பாறைத்தேன்ல தோய்ச்ச பலாச்சுளை. ஒண்ணே ஒண்ணு போதும் சாமி."

கீழ்க்கிளையில் படுத்திருந்த வால்முத்து என்ற குரங்கு இதைக் கேட்டது. தந்திரக்காரக் குரங்கு அது. அதற்கும் ஓர் ஆசை இருந்தது. பூவாயியின் முட்டையைத் தின்ன வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

கொம்பையன் இல்லாத நேரம் பார்த்து வால்முத்து மேலே ஏறி வந்தது.

"தங்கச்சி, சௌக்கியமா?"

"யாரு, வால்முத்து அண்ணனா? என்ன திடீர்ப் பாசம்?"

"பக்கத்து மேட்டுல பலா பழுத்து வெடிச்சுக் கிடக்கு. மேலே பாறைத்தேன். அது சொட்டுச் சொட்டா பழத்துமேல விழுது. இப்பத்தான் தின்னுட்டு வரேன். நீ இங்கே அத்தியை மென்னுட்டிருக்கியேன்னு நினைச்சேன், தொண்டையில இறங்கல."

"சுளைமேலயேவா தேன் விழுது?"

"சுளைமேலயே! கரடிக்கு வாசனை போயிட்டா அப்புறம் கொட்டைகூட மிஞ்சாது. சுவரைத் தட்டிவிட்டு வா. என் முதுகுல ஏறிக்க. போன சுருக்குல திரும்பிடலாம்."

"முட்டை?"

"முட்டைக்கு என்ன காலா இருக்கு, எந்திரிச்சுப் போக?"

சொல்லிவிட்டு வால்முத்து தன் உள்ளங்கையை இடுக்குக்கு நேராக நீட்டியது. பலாவும் தேனும் சேர்ந்து மணந்தன. எத்தனையோ நாளாக அத்தியை மட்டுமே மோந்த மூக்கு அது. பூவாயி தன்னை மறந்தாள். அலகு தானாக எழுந்து சுவரைத் தட்டியது.

டொக். டொக். ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து கீழே விழுந்தது. இடுக்கு அகன்றது.

மறுபடி தட்ட அலகை ஓங்கியபோது, வயிற்றுக்கடியில் முட்டை மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து "கீச்" என்று ஒரு சத்தம்.

பூவாயி ஓங்கிய அலகை இறக்கினாள். 'மலைச்சாமி! இறகில்லாதவள் வெளியே இறங்கினால் திரும்பி வர முடியுமா? பிள்ளையை யார் கையில் விடப் பார்த்தேன்!' கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது புத்தி தெளிந்திருந்தது. ஆனால் பலாச்சுளை ஆசை மட்டும் போகவில்லை. அது அப்படியேதான் இருந்தது.

"என்ன தங்கச்சி, நிறுத்திட்டே?"

"வரேன் அண்ணே. ஆனா அடைகாக்கிறவ வெறும் வயித்துல பலா தின்னா சூடு. முட்டைக்கு ஆகாது. முதல்ல கொஞ்சம் பஞ்சாமிர்தம் உள்ளே போகணும். அதுதான் பத்தியம்."

"இது என்ன புதுப் பத்தியம்?"

"முட்டை போட்டவளுக்குத்தானே தெரியும்! நீ என்னைக்காவது போட்டிருக்கியா?"

வால்முத்து பாதி பெயர்ந்த சுவரைப் பார்த்தது. மீதியும் பெயரப் போகிறது, கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தது. கோயிலுக்கு ஓடியது. காவல்காரர் கம்போடு துரத்த, இலையில் அள்ளிய பஞ்சாமிர்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்தது.

பூவாயி இலையையும் நக்கிவிட்டாள். "ஆகா! ஏலக்காய் தூக்கலா இருக்கு. இனிமே ஒரு சப்போட்டா. இனிப்பு மேல குளிர்ச்சி விழணும்."

"தங்கச்சி..."

"சுவரு பாதி விட்டுப்போச்சே, அண்ணே. இன்னும் எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

வால்முத்து பங்களாவுக்கு ஓடியது. நாய் வாலைக் கவ்வியதில் வால்நுனி முடி போனது. சப்போட்டா வந்தது. கரைந்தும் போனது.

"இப்பக் கிளம்பலாமா?" என்று மூச்சிரைத்தது வால்முத்து.

"கிளம்பலாம். ஆனா ருசி தெரியாத பழத்துக்காகவா வீட்டை உடைப்பாங்க? ஒரே ஒரு சுளை காட்டு. நல்லா இருந்தா அடுத்த தட்டுலயே சுவரு கீழே."

பல்லைக் கடித்துக்கொண்டு வால்முத்து பலா மேட்டுக்கு ஓடியது. அவசரத்தில் தேனடையில் கையை விட்டது. தேனீக்கள் சும்மா விடுமா? திரும்பி வந்தபோது ஒரு கண் மூடிக்கிடந்தது, மூக்கு கத்திரிக்காயாக வீங்கியிருந்தது. ஆனால் கையில் பொன்னிறப் பலாச்சுளை. அதிலிருந்து தேன் வழிந்துகொண்டிருந்தது.

பூவாயி அதை அவசரப்படாமல் வாங்கினாள். சாமிக்கு ஒரு நன்றி சொன்னாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். மழை நின்ற காட்டில் வெயில் அடித்ததுபோல உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. தேன் தொண்டையில் இறங்கி முடியும்வரை அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டது வால்முத்து.

"நினைச்சதைவிட நல்லா இருந்துச்சு!"

"அப்ப வா, போகலாம்."

"எங்கே அண்ணே?"

"பலா மேட்டுக்கு!"

"வயிறுதான் நிறைஞ்சிருச்சே. இனிமே அங்கே வந்து என்ன பண்ணப் போறேன்?"

வால்முத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னையே ஏமாத்திட்டியா!" என்று கத்திக்கொண்டு, அகன்ற இடுக்குக்குள் கையை விட்டது. பூவாயி முட்டைக்கு முன்னால் வந்து நின்றாள். அந்தக் கையைத் தன் பெரிய அலகால் கவ்வினாள்.

"ஐயோ! விடு தங்கச்சி! விடு தாயே!"

அலறல் கேட்டுக் கொம்பையன் ரயில் வருகிறமாதிரி இறக்கைச் சத்தத்தோடு வந்துசேர்ந்தான். பூவாயி அலகைத் திறந்தாள். வால்முத்து கிளை கிளையாக விழுந்து எழுந்து ஓடிற்று. அந்தப் பக்கம் அது பிறகு தலைகாட்டவே இல்லை.

நடந்ததையெல்லாம் கேட்டுக் கொம்பையன் முதலில் பயந்தான். பிறகு கிளை அதிரச் சிரித்தான். ஈரமண் கொண்டுவந்து கொடுத்தான். பூவாயி உள்ளேயிருந்து ஓட்டையைப் பழையபடி பூசி அடைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் முட்டை பொரிந்தது. கொம்பையன் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். குஞ்சுக்கு உடம்பில் ஓர் இறகுகூட இல்லை, கண்ணும் திறக்கவில்லை. வாயை மட்டும் ஆவென்று திறந்து வைத்திருந்தது.

"சந்தேகமே இல்ல, அம்மாவோட புள்ளதான்!" என்றான் கொம்பையன்.

நீதி: ஆசைப்படுவது தப்பில்லை, ஆசை காட்டுகிறவனை நம்பிக் காவலை உடைப்பதுதான் தப்பு.

கண்ணுகளா, இப்போது எழுந்து போய், "உனக்கு என்னம்மா சாப்பிட ஆசை?" என்று உங்கள் அம்மாவிடம் ஒரு தரம் கேட்டுவிட்டு வாருங்கள்.