ரசம் பட்ட கை

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் மங்கையர்க்கரசிக்கு வேலை. மனசு பாரமானால் கடலோர மடத்துப் பொன்னம்பல அடிகள்தான் கதி. அன்றைக்கும் வந்தாள், சரியாகச் சாப்பாட்டு வேளையில்.

"சாமி, வேலையை விட்டுட்டேன்னு வச்சுக்குங்க. இனி மடத்துலயே இருந்துக்கறேன்."

"தாராளமா இரு. இன்னைக்குப் பரிமாற ஆள் வரல, முதல்ல கரண்டியை எடு," என்று இலை முன் உட்கார்ந்தார் அடிகள்.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். புயலில் மீனவர் குப்பத்துப் படகுகள் அத்தனையும் நொறுங்கிப் போயின. யாருக்கும் குறை வைக்கக் கூடாதென்று வீட்டுக்கு ஒரு புதுப்படகு வாங்கிக் கொடுக்க வைத்தவள் அவள்தான். ஆசை ஆசையாகச் செய்தாள், பாவம்.

"ஒரு படகுக்கு நாலு ஆள் வேணும் சாமி. முன்னெல்லாம் நாலு வீட்டு ஆளுங்க ஒரே படகுல போய், பிடிச்சதைப் பங்கு போட்டுக்குவாங்க. இப்ப எல்லாரும் முதலாளி. 'உன் படகுக்கு நான் ஏன் வரணும்'னு சண்டை. அண்ணன் தம்பி முகம் குடுத்துப் பேசறதில்ல. படகெல்லாம் கரையில காயுது."

"குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டியா?"

"எங்க சாமி நேரம் இருந்தது? எல்லாம் ஆபீஸ்லயே முடிவு பண்ணிட்டோம்."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"நாளைக்கு ஊர்க் கூட்டமாம். நானும் வரணுமாம். எந்த முகத்தோட போவேன்?"

பேச்சு வேகத்தில் இலையில் சோறு மலையாய்க் குவிந்துவிட்டது. போதுமென்று அடிகள் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தார். அவள் பார்க்கவில்லை. ரசத்தை மொண்டு ஊற்றினாள். கொதிக்கக் கொதிக்க அவர் கையில் விழுந்தது.

"ஐயோ சாமி!" கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். அழுகை வந்துவிட்டது. "பாத்தீங்களா? நான் தொட்டாலே இப்படித்தான். வேற யாரையாவது கூப்பிடுங்க. நான் பரிமாறல."

அடிகள் கையைத் தண்ணீரில் நனைத்தார். நன்றாகவே சிவந்திருந்தது. ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, குழைந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு அதே கையைக் குவித்து அவள் பக்கம் நீட்டினார்.

"மோர்."

"சாமி..."

"எரியுதும்மா. மோர் பட்டா இதமா இருக்கும். ஊத்து."

அவள் குனிந்து மெல்ல ஊற்றினாள். கண் அவர் கையை விட்டு நகரவே இல்லை. அவர் குடிக்கக் குடிக்க ஊற்றினாள். போதுமென்று அவர் விரல்கள் லேசாக விரிந்ததும் நிறுத்தினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அடிகள் திருப்தியாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?"