கட்டிப்போட்ட படகு

வைகுண்டமணி முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதில் கடைசி பதினோரு வருஷம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற கையோடு தீவு மடத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். மடத்தில் எல்லோருக்கும் அவர் இன்னும் 'சார்'தான். அம்மைகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தங்கமான மனுஷன். கோபம் ஒன்றுதான் கைக்கு அடங்காது. நாலு வருஷத்துக்கு முன் மகள் நித்திலா தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, மண்டப வாசலில் இருநூறு பேர் முன்னால், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அதை நினைத்து அழாத நாள் இல்லை. ஆனாலும் அவளை நேரில் பார்த்தால் மறுபடியும் வாய் தவறிவிடுமோ என்று உள்ளூர நடுக்கம்.

பங்குனி பிறந்த மறுநாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. சித்திரை முதல் தேதி வருகிறாளாம். அக்கரையில் அறை எடுத்து ஒரு வாரம் தங்கப் போகிறாளாம். அப்பா பார்க்கச் சம்மதிக்கும் வரை தினமும் படகுத்துறையில் வந்து நிற்பாளாம்.

சார் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அம்மையிடம் போனார்.

"அம்மா, எனக்கு ஒரு வருஷம் மௌனம் வேணும். வடக்கு அறையில இருந்துக்கிடுதேன். சித்திரைக்கு முன்னாலயே ஆரம்பிச்சிரணும்."

"எதுக்கு சார்?"

"ஆள் முகத்தைப் பாத்தாத்தானே கோபம் வருது. யாரையும் பாக்காம இருந்தா மனசு சுத்தமாயிரும்."

அம்மை அவரைக் கரைக்கு அழைத்துப் போனார். மடத்துக்கு நீலம் ஒன்று, பச்சை ஒன்று என இரண்டு படகுகள். படகோட்டி சந்தியாகு அன்றைக்கு இரண்டையும் மணலில் இழுத்துப் போட்டிருந்தார். பின்னடியில் நீருக்குள் சுழலும் விசிறிகள் இரண்டும் வெளியே தெரிந்தன. வழுவழுவென்று பாசி. அதன்மேல் சுண்ணாம்புக் கொப்புளம் மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது கொட்டலசு என்கிற சின்னஞ்சிறு கடல் ஓட்டுயிர்.

இரண்டையும் சுத்தம் செய்யச் சொன்னார் அம்மை. அதன்பின் பச்சைப் படகு ஒரு மாதம் சாரின் பொறுப்பு. பங்குனி கடைசி நாளில் அதன் விசிறி சுத்தமாக இருந்தால், அன்று சாயங்காலமே மௌனம் தொடங்கலாம்.

இவ்வளவு சுலபமா என்று சாருக்கே ஆச்சரியம். இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினார். கொட்டலசின் விளிம்பு பட்டு விரலெல்லாம் கிழிந்தது. விசிறியின் ஓரம் சிதைந்தால் படகு உதறும் என்று சந்தியாகு எச்சரித்ததால், அங்கே மட்டும் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார். கடைசியில் இரண்டு விசிறிகளும் பித்தளைக் குத்துவிளக்காக மின்னின. சந்தியாகு அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

படகுகளைத் தண்ணீரில் இறக்கியதும் சார் முதல் காரியமாகப் பச்சைப் படகைத் துறையில் இறுக்கிக் கட்டினார். 'இப்படகை எவரும் எக்காரணம் கொண்டும் தொடலாகாது' என்று அட்டையில் முத்து முத்தாக எழுதித் தொங்கவிட்டார். ஓட்டினால்தானே அழுக்காகும். சந்தியாகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் பார்த்த பார்வையில், ஐந்தாம் வகுப்புப் பையனைப்போல அப்படியே அடங்கிவிட்டார்.

அந்த மாதம் முழுக்க நீலப் படகுதான் இரண்டு படகின் வேலையையும் பார்த்தது. பக்தர்கள், அரிசி மூட்டை, தண்ணீர் கேன், ஒரு தடவை முரண்டு பிடித்த இரண்டு ஆடுகள். சார் மட்டும் தினமும் காலையில் போய்ப் பச்சைப் படகின் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

பங்குனி கடைசி நாள் மத்தியானம் இரண்டு படகையும் மணலில் ஏற்றினார்கள்.

நீலப் படகின் விசிறியில், தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் பாசி இருந்தது. ஓயாமல் சுழன்ற இலைகள் பளிச்சென்றுதான் இருந்தன. பச்சைப் படகின் விசிறியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று இலையிலும் இடைவெளி இல்லாமல் கொட்டலசு குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தது. சந்தியாகு சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாருக்கு முகம் சிவந்தது. அட்டையைப் பிய்த்து மணலில் எறிந்தார்.

"இந்தப் படகை ஒருத்தரும் தொடலையேம்மா. ஒரு தொந்தரவும் இல்லாமல்லா வச்சிருந்தேன்."

"அந்தத் தொந்தரவு இல்லாததுதான் கொட்டலசுக்கும் பிடிச்சுப் போச்சு சார்."

சார் விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எப்போது சிரிப்பு நின்று அழுகை ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் சித்திரை முதல் தேதி. நீலப் படகு புறப்படத் தயாராக நின்றது. அக்கரையில் ஆறேழு பேர் காத்திருப்பதாகவும், அதில் ஒரு பெண் விடிந்ததிலிருந்து நிற்பதாகவும் சந்தியாகுவுக்கு போன் வந்திருந்தது. வடக்கு அறை வாசலில் உட்கார்ந்திருந்த சாரிடம் அம்மை வந்தார்.

"சார், ஏறுதவங்களுக்குக் கை கொடுக்க ஓராள் வேணுமாம். சந்தியாகுகூடப் போயிட்டு வாங்க."

சார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"அவளைப் பாத்ததும் எனக்குக் கோபம் வந்துருமேம்மா."

"வரும்," என்றார் அம்மை. "நாளைக்கும் போங்க."