ஏழாம் படுக்கைக்காரரின் கேள்வி

பேராசிரியர் நூர்ஜஹானுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் தகவல் தொடர்பியல் ஆய்வு செய்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்பது. தொலைபேசி இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு படிக்க வந்தவர்.

ஒரு மதியம் தேவசகாயம் ஓர் அறிக்கையோடு நூர்ஜஹானின் அறைக்கு வந்தார்.

"சாப்பிட்டீங்களா மேடம்?"

"இந்தக் கேள்வி ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. அடுத்த கேள்வி" என்றார் நூர்ஜஹான், தலை நிமிராமல்.

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்க ஒரு ரோபோ வந்திருக்கிறது. அது நோயாளிகளோடு பேசுவதைத்தான் அவர் ஆராய்கிறார். நோயாளிகள் அதனிடமும் "சாப்ட்டியா?" என்று கேட்கிறார்கள். "இந்தக் கேள்வி மருந்துக்குத் தொடர்பில்லாதது" என்கிறது அது. ஏழாம் படுக்கைச் சுடலைமுத்து முறுக்கிக்கொண்டார். "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியல. அது கையால நான் மாத்திர வாங்க மாட்டேன்." நர்ஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். தவறு சுடலைமுத்து மேல்தான் என்று தேவசகாயம் எழுதிக் கொடுத்தால், இன்றே அவரை வெளியே அனுப்பிவிடுவார் ஆஸ்பத்திரி இயக்குநர்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"தவறு அவர் மேலதான். அனுப்புறவர், செய்தி, பெறுறவர்; எல்லாம் சரியா இருக்கு மேடம். சாப்ட்டியாங்கறது செய்திக்கு நடுவுல வர்ற வெறும் இரைச்சல். இருநூத்திப் பதினாலு தடவை பதிவாகியிருக்கு. நான் சொல்றது சரிதானே?"

"இந்தக் கேள்வி ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. அடுத்த கேள்வி."

தேவசகாயம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இந்த வயதில் இப்படி மூக்குடைபட யாருக்குத்தான் பிடிக்கும்?

"மனுஷன்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க மேடம். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்!"

"ஏன் சார் கோபம்? சொன்ன செய்தி தெளிவா வந்து சேர்ந்துச்சுல்ல?"

தேவசகாயம் நின்றபடியே கையிலிருந்த அறிக்கையில் சுடலைமுத்துவின் பெயரைப் பார்த்தார்.

"நான் இன்னும் சாப்பிடலை சார்" என்றார் நூர்ஜஹான், இப்போது நிமிர்ந்து.

தேவசகாயம் பேனாவை எடுத்து, தன் முடிவை எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை முழுக்க அடித்தார். அடித்த பிறகுதான் பயம் வந்தது.

"இதுக்குப் பதிலா என்ன எழுதட்டும்?"

"இப்ப நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தீங்களே, அதை எழுதுங்க."

"இயக்குநர் ஒத்துக்க மாட்டாரே மேடம்."

"அப்ப அவர் அறையிலயும் எழுந்து நில்லுங்க."