பரஞ்சோதி டயர் மாற்றப் போன நாள்

கொல்லிமலையில் கோதைநாயகி அம்மையாரின் மடத்தில் பாடம் கேட்க வந்தவர்களில் பரஞ்சோதிதான் வயதில் மூத்தவர். அம்மையாருக்கு நாற்பது. இவருக்கு ஐம்பத்தாறு. சென்னையில் கம்பெனி நடத்தியவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்வார். வண்டியை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்.

பெரிய கறுப்பு வண்டி. ஐந்து நொடியில் நூறைத் தொட்டுவிடும். அதை மடத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மலையில் இருக்கிற நோயாளிகளை நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப் போவதைத் தன் ஊழியமாக ஏற்றுக்கொண்டார். வாரத்துக்கு மூன்று நடை. போக எழுபது கொண்டை ஊசி வளைவு, வர எழுபது.

ஒன்பது மாதத்தில் நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மையாரிடம் வந்து, போனில் மூன்று டயர்களின் படத்தைக் காட்டினார். ஒன்று வேகத்துக்கென்றே செய்தது. இருநூறைத் தாண்டினாலும் ரோட்டை விடாது. இன்னொன்று சேற்றில் போவதற்கு. மூன்றாவது சத்தமில்லாமல் சாதுவாகப் போகும். முதல் டயரைப் பற்றி கால் மணி நேரம் பேசினார். மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம். நோயாளிகளின் பாதுகாப்புதான் முக்கியம் என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார்.

"எதைப் போடலாம், அம்மா?"

"ஏறுகிறவர்களைக் கேட்டீர்களா?"

பரஞ்சோதி சிரித்தார். அவர்களுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்றார். அதுவும் இப்போதெல்லாம் ஏறுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறார்கள். தோல் இருக்கையில் உட்காரக் கூச்சப்படுகிறார்கள், பாவம். கூச்சம் போகட்டும் என்று போர்வைகூட விரித்துப் பார்த்தேன் என்றார்.

அம்மையார் வண்டிச் சாவியைக் கேட்டார்.

பாடம் சொல்ல வருவதற்கு முன்னால், இதே மலையில் பதினோரு வருஷம் மிளகு மூட்டை ஏற்றி ஜீப் ஓட்டியவர் அவர். "நீங்கள் பின்னால் உட்காருங்கள்" என்றார்.

பரஞ்சோதி அந்த வண்டியின் பின் இருக்கையில் அதுவரை ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

செம்மேட்டில் பஸ்ஸுக்காக அருவாயி நின்றுகொண்டிருந்தாள். போன மாதம் கண் ஆபரேஷன் செய்துகொண்டவள். கறுப்பு வண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பி, வராத பஸ்ஸை எட்டிப் பார்ப்பது போல நின்றாள். கண்ணாடி இறங்கியது. ஓட்டுவது யாரென்று தெரிந்ததும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

பக்கத்தில் பரஞ்சோதியைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. ஐயாவுக்கு உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தாள்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் பரஞ்சோதியின் கை தானாகவே மேலே இருந்த பிடியைத் தேடியது. கையில் என்னவோ மெத்தென்று பட்டது. நிமிர்ந்து பார்த்தார். பிடி முழுக்கத் துணி முடிச்சுகள். பெரும்பாலும் மஞ்சள் துணி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காசு. அந்தப் பக்கத்துப் பிடியிலும் அப்படியே.

"இது என்ன?"

அருவாயி முதலில் மழுப்பினாள். அவர் விடாமல் கேட்கவும் சொன்னாள். எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடிந்த காசு. முழுசாக இறங்கிவிட்டால் கோயிலுக்கு வந்து செலுத்துகிறோம் என்று வேண்டுதல். மஞ்சள் துணி கைவசம் இல்லாதவர்கள் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டுவார்கள். அந்தப் பச்சைக்கரை அவளுடையது. பக்கத்தில் இருப்பது பொங்காயி மருமகளுடையது. "பிரசவ வலிக்கு அவ வாயே தொறக்கலைங்க. உங்க வண்டியிலதான் கத்தினா."

பொங்காயி மருமகளை இறக்கிய நாள் பரஞ்சோதிக்கு நன்றாக நினைவிருந்தது. வழக்கமாக ஆகிற நேரத்தில் பாதியிலேயே இறக்கினேன் என்று அன்றைக்கு மடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அம்மையாரிடம் இரண்டு முறை.

"பயமாக இருக்கிறதென்று ஒருத்தர்கூட என்னிடம் சொல்லவில்லையே."

"காசு வாங்காம கூட்டிட்டுப் போறீங்க. அதுல போயி என்னத்தச் சொல்றது, ஐயா?"

அதற்குப் பிறகு வளைவுகள்தான் வந்துகொண்டிருந்தன. முன்னால் போன வைக்கோல் லாரியை அம்மையார் முந்தவில்லை. பரஞ்சோதி பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கே வைத்தாலும் அந்தக் கை அவருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில், இரண்டு தடவை ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா அருவாயியைக் கேட்டார். பஸ்ஸில் இடமில்லை, கூட்டத்தில் கண்ணில் இடித்துவிடும் என்று பயம் என்றாள். உங்கள் ஊருக்குத்தான் மடத்து வண்டி வருகிறதே என்றார் டாக்டரம்மா. கண்ணில் சீழ் வைத்திருந்தது. வியாழக்கிழமை கட்டாயம் வர வேண்டும், இன்னொரு தடவை தவறினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

கதவருகே நின்ற பரஞ்சோதிக்கு எல்லாம் கேட்டது.

அங்கிருந்து டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மீரான் பாய் குனிந்து, முன் டயரை உள்ளங்கையால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். நடுவில் இன்னும் கொஞ்சம் பட்டன் தேயாமல் இருக்கிறது, வெளி ஓரம்தான் வழித்து எடுத்த மாதிரி இருக்கிறது என்றார். வளைவில் வேகத்தைக் குறைக்காமலே ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கிறார்கள். "யாரு டிரைவரு? மீசை முளைக்காத பயலா?"

"நான்தான்" என்றார் பரஞ்சோதி.

பாய் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தார். கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

அடுக்கி வைத்த டயர்கள் மேல் அருவாயி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் புதுக் கட்டு. பரஞ்சோதி அவளிடம் போய், வியாழக்கிழமை நான் கூட்டிப் போகிறேன், மெதுவாகவே ஓட்டுகிறேன் என்றார்.

"வேண்டாங்கய்யா. பஸ்ஸுலயே வந்துடறேன். இந்த வாட்டி தவறவிட மாட்டேன்."

மரியாதையாகத்தான் சொன்னாள். பரஞ்சோதியால் அங்கே நிற்க முடியவில்லை. அம்மையாரிடம் வந்தார்.

"சாவி உங்களிடமே இருக்கட்டும், அம்மா. இனி நான் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன். வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள். டயர், இருப்பதிலேயே மட்டமானது போதும்."

அம்மையார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் போவாள். நீங்கள் காலி வண்டியை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போங்கள். எழுபது வளைவும். முந்தக் கூடாது. திரும்பும்போதும் அப்படியே. அடுத்த தடவையும் அப்படியே."

"எதுவரைக்கும், அம்மா?"

"அவளாக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து உங்கள் வண்டியில் ஏறும்வரைக்கும். அதற்கு எந்த டயர் வேண்டுமென்று இப்போது பாயிடம் கேளுங்கள்."