ஹேண்டில் அதிராத வண்டி

சிங்காநல்லூரில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கிறவள் கோகிலவாணி. நாற்பதைத் தொடாத வயது. அவளிடம் தொழில் பழக வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்குத் தலை முழுக்க வெள்ளை. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். ஆனாலும் யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

நாச்சிமுத்துவுக்கு எல்லா இன்ஜினும் தெரிய வேண்டியதில்லை. ஒன்று தெரிந்தால் போதும். கல்யாணமான புதிதில் மனைவி துளசிமணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் ஊர் சுற்றிய வண்டி அது. ஓட்டினால் கை மரத்துப்போகிறது என்று ஒருநாள் அவரே அதைச் சாக்குப் போட்டு மூடினார்.

இப்போது துளசிமணி வீட்டில் இல்லை. காங்கயத்தில் தம்பி வீட்டில் இருந்தாள்.

நாச்சிமுத்துவின் அக்கா ரங்கநாயகி புருஷனை இழந்து அவர் வீட்டோடு வந்தவள். குழம்பில் உப்பு முதல் வாசல் கோலம் வரை அவள் வைத்ததுதான் சட்டம். சண்டை மூளும் போதெல்லாம் நாச்சிமுத்து அக்காவிடம் பேச மாட்டார். மனைவியைத் தனியே கூப்பிட்டு, "நீ கொஞ்சம் அனுசரிச்சுக்க" என்பார். துளசிமணி அனுசரித்தாள். வீட்டில் சத்தம் இல்லை. எங்க வீட்டைப் போல அமைதியான வீடு கிடையாது என்று மில்லில் அவர் சொல்லிக்கொள்வதுண்டு. பிறகு ஒரு காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அப்போதும் சத்தம் இல்லை.

"அந்த வண்டியிலயே போய்க் கூட்டியாரோணும் அம்மணி. வண்டியப் பாத்தாள்னா மனசு எளகிரும்."

கோகிலவாணி ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

இன்ஜின் பிரிந்தது. கிராங்க் வெளியே வந்தது. இரண்டு கனத்த சக்கரங்கள். நடுவே பிஸ்டனைத் தாங்கும் ராடு. கோகிலவாணி மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு எஃகுத் தகடுகளின் விளிம்பில் அதைக் கிடத்தினாள். ராடின் நுனியில் ஓர் எடையைத் தொங்கவிட்டாள். சக்கரம் தயங்கித் தயங்கி உருண்டு நின்றது.

"கனமான பக்கம் தானாக் கீழ வந்துரும். அங்க துளை போட்டு இரும்பை எடுக்கோணும். எப்படித் திருப்பி வெச்சாலும் அப்படியே நிக்கற வரைக்கும்."

"அப்பறம் அதிராதுங்களே?"

"அதிருமுங்க."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "என்னங்கம்மணி, எங்க மில்லுல நூல் முறுக்கற ஸ்பிண்டில் சுத்தறதே தெரியாது. தொட்டாத்தான் தெரியும். இத்தனூண்டு சக்கரத்தை அடக்க முடியாதுங்களா?"

"ஸ்பிண்டில் சுத்த மட்டுந்தானுங்க செய்யுது. இங்க பிஸ்டன் ஏறி எறங்குது. அந்த ஆட்டத்தை அடக்கறதுக்குச் சக்கரத்துல எடையை வெச்சா, அந்த எடை முன்னயும் பின்னயும் இழுக்கும். மேல கீழ ஆடறதைக் கொறைச்சா முன்ன பின்ன ஆடும். ஒத்தை சிலிண்டருக்கு அதுதானுங்க விதி."

"அப்ப அதிர்வு எங்கயும் போகாது?"

"போகாதுங்ண்ணா. எந்தப் பக்கம் திருப்பறதுன்னுதான் நம்ம பாக்கலாம்."

நாச்சிமுத்து யோசிக்கவில்லை. "ஹேண்டிலுக்கு வர வேண்டாம். என்ற கைக்குத் தெரியாமப் பண்ணிக் குடுங்க. அது போதும்."

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். தொங்கிய எடையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். சக்கரம் மறுபடி உருண்டு வேறு இடத்தில் நின்றது. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, டிரில்லிங் மிஷின் பக்கம் கை காட்டினாள்.

"நீங்களே போடுங்க."

அவரே போட்டார். இரும்பு சுருள் சுருளாக அவர் காலடியில் விழுந்தது.

வண்டி ஓடிய அன்று நாச்சிமுத்து குழந்தை போல இருந்தார். ஹேண்டிலைப் பிடித்தால் ஓடுகிற தண்ணீரில் கை வைத்தது போலிருந்தது. பட்டறைக்கு வெளியே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமலேயே காங்கயத்துக்குத் திருப்பினார்.

அங்கே மச்சினன்தான் முதலில் ஓடிவந்தான். "பார்றா, மாமா மாப்பிள்ளை முறுக்குல வந்துட்டாரு! அக்கா, பூவச் சூடிட்டு வா!"

துளசிமணி வாசலுக்கு வந்தாள். பெட்ரோல் டேங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

"புதுசா ஆக்கியாச்சு. ஏறு."

"உங்கக்கா என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஏறு."

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

வழியில் நாச்சிமுத்து பேசிக்கொண்டே வந்தார். கிராங்க்கைப் பற்றி, துளையைப் பற்றி, தன் கையாலேயே எல்லாம் செய்ததைப் பற்றி. பின்னாலிருந்து ஒரு முறை, "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று கேட்டது. மெதுவாகப் போனார். பல்லடம் தெரிகிற இடத்தில், "நிறுத்துங்க" என்று கேட்டது.

இறங்கியவள் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றாள். கன்னமெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள ஆச்சு? வண்டி பஞ்சாட்டம் போகுதே!"

"ஒடம்பெல்லாம் ஒதறுதுங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியாது."

நாச்சிமுத்துவுக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்றிருந்தது. அக்கா சமைத்து வைத்திருப்பாள். தாமதமானால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான். அது வரைக்கும் அனுசரிச்சுக்க."

துளசிமணி சிரித்தாள். சிரிப்புப் போலத்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். காங்கயம் போகிற பஸ் வந்தது. அது மறைத்துக்கொண்டு நின்று கிளம்பியபோது அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்த நாச்சிமுத்து வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கிராங்க் தப்பு அம்மணி. உங்க கணக்கு எங்கயோ தப்பிருச்சு. பொம்பள நடுவழியில எறங்கிப் போயிட்டா."

கோகிலவாணி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். வண்டியில் ஏறி உதைத்தாள். ஒரே உதையில் எடுத்துக்கொண்டது.

"ஏறுங்ண்ணா."

"நானுங்களா? பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"என்ற வண்டியில நான் பின்னாடி உக்காந்ததே இல்லீங்களே."

"உக்காருங்க."

திருச்சி ரோட்டில் வண்டி ஏறியது. முதலில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு முழங்கால். பிறகு பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ள ஆரம்பித்தன. கண்ணெதிரே போன லாரி இரண்டாகத் தெரிந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் சீட்டின் அடியைப் பிடித்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் உதறியது.

"நிறுத்துங்கம்மணி!"

அவளுக்குக் கேட்கவில்லை. வேகத்தைக் கூட்டினாள்.

"அம்மணி! நிறுத்துங்க!"

கோகிலவாணி ஓரங்கட்டி நிறுத்தித் திரும்பினாள். "ஏனுங்ண்ணா? என்னாச்சு?"

அந்தக் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரியாதவள் கேட்கிற குரல்.

திரும்பி வரும்போது நாச்சிமுத்து வண்டியில் ஏற மறுத்துவிட்டார். நடந்தே வந்தார். அவள் பட்டறையில் டீ வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அவர் தம்ளரை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்தார்.

"மறுக்காப் பிரிக்கலாமுங்களா?"

"பிரிக்கலாங்ண்ணா."

"போட்ட துளை?"

"கனமான உலோகமாப் பாத்து அடைச்சு, மறுபடி எடை கட்டிப் பாக்கலாம்."

"அப்படியே பண்ணுங்க. ஹேண்டிலுக்கு வந்தா வரட்டும். என்ற கை மரத்தா மரத்துட்டுப் போகுது. அவளுக்கு மட்டும் வலிக்காமப் பண்ணிக் குடுங்க. நாளைக்கே போயிக் கூப்பிடறேன்."

கோகிலவாணி ஸ்பானரை எடுத்தாள். முதல் நட்டைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்னாடி எல்லா எடத்துலயும் எடுக்க முடியாதுங்ண்ணா. காலுக்குக் கொறைச்சா இடுப்புக்கு வரும். இடுப்புக்குக் கொறைச்சாக் காலுக்கு வரும். ஏதாச்சும் ஒண்ணுக்குத்தான் பாக்க முடியும். சொல்லுங்க, அண்ணிக்கு எங்க வலிச்சுது?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். புளியமரத்தடியில் துளசிமணியின் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தார். மரம் ஞாபகம் வந்தது. பை ஞாபகம் வந்தது.

கோகிலவாணி ஸ்பானரைப் பிடித்தபடி காத்திருந்தாள்.