திறப்பு ஆரிட்டை?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டால் வராது. முதலில் வேலாயுதம் நன்றாக ஏமாற வேண்டும்.

வேலாயுதம் உப்பு வியாபாரத்தில் நிமிர்ந்தவர். அவருடைய குரு நல்லையா சாமி, அவரைவிட ரொம்ப இளையவர். மன்னாரிலிருந்து படகேறி வந்து மண்டபத்துக் கடற்கரையில் குடில் போட்டவர். சீடரை 'அண்ணை' என்பார்.

வேலாயுதத்தின் மனைவி பர்வதம் இருந்த காலத்தில் வீட்டில் கழிப்பறை கிடையாது. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போவாள். அவள் கண் மூடிய பிறகுதான் இவருக்கு அது உறைத்தது. மீனவர் குப்பத்துப் பெண்களுக்கு அவள் பேரில் கழிப்பறை கட்டினார். வழவழ ஓடு, மோட்டார், மேலே தொட்டி.

"சாமி, பர்வதத்துக்கு மனசு குளிருமா?"

சாமி சுவரைத் தடவிப் பார்த்தார். "வடிவாய்க் கட்டியிருக்கிறியள். திறப்பு ஆரிட்டை, அண்ணை?"

"திறப்பா? நம்ம சேர்மன்கிட்ட சொல்லியிருக்கேன் சாமி."

சாமியின் மீசை லேசாகத் துடித்தது. "சேர்மனோ? அவர் விடிய எழும்பி வருவாரோ?"

"பத்து மணிக்குத்தான் வருவாராம்."

"அதுவரைக்கும் பொம்பிளையள் பொறுப்பினமோ?"

"நாற்காலி போட்டுருவோம் சாமி!"

சாமி சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சேர்மன் போதவில்லை போலிருக்கிறது என்று வேலாயுதம் அலையாய் அலைந்து ஒரு மந்திரியைப் பிடித்தார்.

"சாமி, இப்ப திறப்பு மந்திரிகிட்ட!"

"ஐயோ, அவர் சென்னையிலை எல்லோ இருக்கிறார்? ராவிலை ஒரு பிள்ளைக்கு வயித்தாலை போனால்?"

சாமிக்கு அரசியல்வாதி என்றாலே ஆகாது என்று வேலாயுதம் முடிவு கட்டினார்.

விழா அமர்க்களம். கொட்டு, வாழைமரம், "அலோ அலோ, மைக் டெஸ்ட்டிங்... தாய்மார்களே, உங்கள் பொற்பாதங்கள்..." மந்திரி ரிப்பன் வெட்டினார், கைதட்டல், கார், புழுதி. மேஸ்திரி கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் ராக்கு வாளியோடு வந்தாள். நிறைமாதக்காரி. கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஐயா, தொறக்கலையா?"

"தொறந்தாச்சே தாயி! மந்திரியே வந்து தொறந்தாரே!"

"பெறகு ஏன்யா பூட்டிக் கெடக்கு?"

வேலாயுதமும் கதவைத் தள்ளிப் பார்த்தார்; அசையவில்லை. ராக்கு இடுப்பில் கை ஊன்றி, கருவேலங்காட்டுப் பக்கம் மெல்ல நடந்தாள். அந்த நடையை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

"சாமி..." என்று பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்.

சாமி இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"மேஸ்திரி போகேக்கை தந்தவர். எங்கடை ஊரிலை இதைத்தான் அண்ணை, திறப்பு எண்டு சொல்லுறது."

வேலாயுதம் ஓடினார். "தாயி, நில்லும்மா! நில்லு!"

கதவைத் திறந்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அப்ப... இத்தனை நாளும் சாவியையா கேட்டீங்க?"

"ஓம்."

"நான் சேர்மனுக்கு... நாற்காலி..." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மணலில் உட்கார்ந்து சிரித்தார். சாமியும் உட்கார்ந்து சிரித்தார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வேலாயுதம் கண்ணைத் துடைத்தார்; துடைக்கத் துடைக்க வந்தது.

பிறகு சாவியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"சாமி, நாளைக்கு இதைக் கழுவறது யாரு? அவங்களுக்குச் சம்பளம்? மோட்டார் நின்னுபோனா? மாசாமாசம் கரண்ட்டுக்கு யாரு கட்டுவா?"

சாமி அவர் விரல்களைச் சாவியின் மேல் மெல்ல மூடினார்.

"அதைத்தான் அண்ணை, நான் இவ்வளவு நாளும் கேட்டனான்."