மொட்டை மாடிக் கிழங்குக் கோபுரம்

கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் முப்பது வருசம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் மருதாசலம். எந்த மிசினைக் கொடுத்தாலும் கழற்றித் திரும்ப மாட்டிவிடுவார். அவருக்கு இறுக்கி மூடத் தெரியாத ஒரே சாமான் அவருடைய வாய்தான்.

அந்த வாய்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றது. "ஆண்டு விருந்துக்கு உருளைக்கிழங்குப் பொரியல்னு போட்டிருக்கீங்க. கெழங்கு கடையில வாங்க வேண்டாமுங்க. எம்பட கோபுரத்துலயே எடுத்துக்கலாம். எம்பது பேருக்குப் போக மிச்சமும் இருக்கும்."

கோபுரம் என்பது மொட்டை மாடியில் அவர் நிறுத்தியிருந்த கம்பிவலை உருளை. நெஞ்சு உயரம். ஓரத்தில் வைக்கோல், நடுவில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும், சாணுக்கு ஒரு வரிசை முளைவிட்ட கிழங்குத் துண்டுகள். செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் இப்படிக் கட்டி, பிரித்துக் கொட்டி, கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்ததைப் பார்த்ததிலிருந்து மருதாசலத்துக்குத் தூக்கம் இல்லை. செடி என்னவோ குறை வைக்கவில்லை. வலையின் ஓட்டைக்கு ஓட்டை பச்சைப்பசேல் என்று எட்டிப் பார்த்தது. துணி காயப்போட வந்தவர்கள் எல்லாம் "அடேயப்பா" என்றார்கள். ஒவ்வொரு அடேயப்பாவுக்கும் அவர் ஒரு கை யூரியா போட்டார்; இலை இன்னும் தழைத்தது. உள்ளே கையை விட்டு ஒரு தடவை துழாவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விருந்தன்று காலை எட்டு மணிக்கு மாடியில் கூட்டம். சமையலுக்கு வந்த பூரணி, மாடி மூலையிலேயே அடுப்பு வைத்து, வெங்காயம் நறுக்கி முடித்து, பெரிய அண்டாவோடு நின்றாள். மருதாசலம் கட்டுக்கம்பியைக் குறடால் நறுக்கினார். கோபுரம் பொலபொலவென்று சரிந்தது. எல்லோரும் குனிந்தார்கள். அவர் மண்டி போட்டு இரண்டு கையாலும் துழாவினார். வைக்கோலை உதறினார். மறுபடி துழாவினார்.

ஏழு கிழங்கு. பெரியது நெல்லிக்காய் அளவு. சின்னது கிழங்குதானா, கல்லா என்று அவருக்கே சந்தேகம்.

மருதாசலத்துக்குக் காது மடல் கொதித்தது. மனைவி துளசிமணி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். உண்மையைத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

"தப்பு எம்மேலதானுங்க. வாரம் ஒரு ஸ்பூன் போட வேண்டிய யூரியாவ அள்ளி அள்ளிப் போட்டுட்டேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. எதிரே எண்பது கண்கள். வாய் தானாகத் திரும்பிக்கொண்டது.

"அதுல கெழங்குக்கு வெறி புடிச்சுப்போச்சு. இந்த வலைக்குள்ள இருக்க முடியுமுங்களா? கீழ எறங்கிருச்சு."

"எதுக்குள்ள எறங்குச்சு?" என்றார் கனகசபாபதி. இரண்டாம் மாடிக்காரர். சர்வேயராக இருந்தவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார்.

"கான்கிரீட்டுக்குள்ளதானுங்க. உங்க ஊட்டு மேக்கூரை பூரியாட்டம் உப்பிக்கிட்டு நிக்குதே, அது என்னன்னு நெனச்சீங்க? அத்தனையும் கெழங்கு."

"யோவ், அது நீங்க ஊத்துற தண்ணி ஒழுகி வந்த உப்பலுங்க! மூணு மாசமாச் சொல்லிட்டிருக்கேன்!"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் மருதாசலத்துக்கு. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படித்தான் நானும் நெனச்சேன். சேரி, பார்த்துருவோம்னு தண்ணிக்குழாய் ஓட்டைக்குள்ள கைய விட்டனுங்க. விட்ட கைய அது புடிச்சு இழுத்துருச்சு! மொத மாடி, தரை, போர்வெல்லுன்னு ஒரே இழுவை. இந்தத் தொப்பை எங்கயாச்சும் சிக்கிக் காப்பாத்தும்னு பார்த்தேன். அதும் கைவிட்டுருச்சு."

"போர்வெல் குழாய் ஆறரை இஞ்சு," என்றார் கனகசபாபதி. "உங்க இடுப்பு நாப்பத்திரண்டு."

"நாப்பத்தி நாலுங்க. பொய் சொல்லப்படாது. உள்ள போய் விழுந்தேனா, கால்ல சின்ன மலையாட்டம் ஒரு கரடு தட்டுப்பட்டுச்சு. ஏறி நடந்தேன். அரை மணி நேரம் நடந்தும் உச்சி வரல. பசி தாங்காம ஒக்காந்து தரையச் சொரண்டி வாயில போட்டாத்தான் தெரியுது, நா நடந்துட்டிருந்ததே கெழங்கு மேல! நடுவுல ஒரு சர்வேக் கல்லு கூட நட்டிருந்துச்சு."

"எந்தக் கல்லு?"

"கோணலா நின்னுச்சு. நீங்க நட்டதாத்தான் இருக்கும்."

இப்போது மாடியே சிரித்தது. கனகசபாபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தின் ஓரமாகப் போய் போனில் தணிந்த குரலில் யாரிடமோ பேசிவிட்டு வந்த பூரணியும் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மருதாசலத்துக்குக் காதுச் சூடு கொஞ்சம் இறங்கியது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். பேசாமல் நிற்பதைவிட இது பரவாயில்லை என்று இருந்தது.

"அப்புறம் எப்படி வெளிய வந்தீங்க?" என்றாள் பூரணி.

"இடுப்புல இருந்த கொறடால ஒரு குத்துக் குத்துனேன். உள்ள இருந்து மாவுப்பால் பீச்சி அடிச்சுது பாருங்க, அந்த வேகத்துல நானே குழாய் வழியா மேல வந்து விழுந்தேன். நம்ம வீதி முச்சூடும் மாவு. கொடியில கெடந்த துணியெல்லாம் கஞ்சி போட்டாப்புல வெறைச்சுப்போச்சு. எம்பட வேட்டி சட்டை இருக்குதே, அது வெறைச்ச வெறைப்புல என்னைய உட்டுட்டுத் தானா எந்திரிச்சு, படியேறி, ஊட்டுக்குள்ள போய் நாற்காலியில ஒக்காந்துருச்சு. துண்டோட வாசல்ல நின்னு கதவத் தட்டுறேன், தட்டுறேன், ஆரும் தொறக்கல. ரெண்டு நாள் எம்பட சம்சாரம் அந்த வேட்டி சட்டைக்குத்தான் காப்பி கொடுத்திருக்கா. வித்தியாசமே தெரியலயாமா!"

எல்லோரும் துளசிமணியைப் பார்த்தார்கள். அதுவரை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்.

"தெரிஞ்சுதுங்க. ரெண்டு நாளா ஊட்டுல சத்தமே இல்ல. சந்தோசமா இருந்துச்சு. அதனாலதான் கதவத் தொறக்கல."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மருதாசலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மனைவியே தன் கதைக்குள் வந்து ஒரு வரி பேசிவிட்டாள், அதற்கு மேல் என்ன வேண்டும். அந்த நேரம் பார்த்து, கீழே தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

"பூரணியக்கா! கெழங்கு மூட்டை வந்துருச்சு! இருபத்தஞ்சு கிலோ, மேட்டுப்பாளையம் மண்டிச் சரக்கு!" என்று டிரைவர் கத்தினான்.

கூட்டம் சட்டென்று திரும்பி மருதாசலத்தின் முகத்தைப் பார்த்தது. அவர் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். ஆட்டோவில் இருந்த மூட்டையை, காணாமல் போன மாட்டைக் கண்டவர் மாதிரி கை நீட்டிக் காட்டினார்.

"பார்த்தீங்களா? எம்படதுதானுங்க! மண்ணுக்குள்ளயே மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிருக்குது. அங்க மண்டிக்காரன் தோண்டி எடுத்து மூட்டை கட்டியிருக்கான். இருந்தும் பாருங்க, வளர்த்தவன் வாசலத் தேடித் திரும்பி வந்துருச்சு!"

கனகசபாபதி எட்டிப் பார்த்து மூட்டையைக் கண்ணாலேயே அளந்தார். பூரணி எழுந்தாள். அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். சேலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள்.

"உங்க கெழங்குதானுங்களாண்ணா?"

"சத்தியமா."

"அப்பச் சேரி. எறங்கிப்போன வழியிலயே மேல வரச் சொல்லுங்க. வரலீன்னா நீங்க போய்த் தூக்கிட்டு வாங்க. மூணு மாடி, லிஃப்ட் கெடையாது. எண்ணெய் காஞ்சிட்டிருக்குது."